எந்தப் படத்திலும் இல்லாத சட்டை

அழுதுகொண்டே உள்ளே வந்த அந்தம்மா, காலியாகக் கிடந்த நாற்காலிகளில் ஜன்னலோர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். எங்கள் ஆபீஸில் வெளிச்சம் அங்கே மட்டும்தான் நன்றாக விழும்.

துப்பறியும் ஆபீஸ் நடத்தும் அக்காவிடம் உதவியாளனாகச் சேர்வதற்கு முன்னால் நான் கல்யாண போட்டோகிராபர். அதனால்தான் அக்கா என்னை ஃப்ளாஷ் என்று கூப்பிடுகிறாள். முகத்துக்கு வெளிச்சம் தேடி உட்காருகிறவர்கள் ஏகப்பட்ட பேரைப் பார்த்திருக்கிறேன். பெற்ற மகளைக் காணோம் என்று சொல்ல வந்த இடத்தில் அப்படி உட்கார்ந்தவளை அன்றுதான் பார்த்தேன்.

“என் பொண்ணக் காணோம் மேடம். பதினாலு வயசு. காலையில ஸ்கூலுக்குக் கிளம்பினவ அங்க போய்ச் சேரல. ஸ்டேஷன்ல சொல்லியாச்சு, தேடறாங்க. நீங்களும் தேடணும்.”

கூட வந்தவர் கணவர். மருந்துக் கம்பெனியில் மேனேஜர். மனைவி வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும்போதெல்லாம் தலையை ஆட்டினார். வேறு வேலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

“பொண்ணு படம் ஏதாவது இருக்கா?” என்றாள் அக்கா.

கேட்டிருக்கவே கூடாது. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். ‘எங்க வீட்டுத் தேவதை’ என்று ஒரு பக்கம். லட்சத்துக்கும் மேல் ஆட்கள் பார்க்கிறார்களாம். வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேனில் ஆரம்பித்து எல்லாம் இருந்தது. தேவதைக்கு முதல் பல் விழுகிறது. தேவதைக்கு அம்மை போட்டிருக்கிறது. தேவதை கணக்கில் பெயில் ஆகி அழுகிறாள். தேவதை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். தேவதை பஸ் ஏறும் இடம் இது, இறங்கும் இடம் இது, வேர்க்கடலை ஆகாது, நாய்க்குட்டி என்றால் உயிர். அந்தப் பெண்ணைப் பற்றி அவளுக்கே தெரியாதது கூட அதில் இருந்திருக்கும்.

கடைசியாகக் காலையில் போட்ட அறிவிப்பு. படம், பள்ளிக்கூடம், வகுப்பு, வீட்டுத் தெரு, போன் நம்பர், ரத்த வகை.

“ரத்த குரூப் எதுக்கும்மா?” என்றேன்.

“ஒரு அவசரம்னா தேவைப்படுமேன்னு...”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கண்ணாடியைத் துடைத்தால் எதிரில் இருப்பவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன்.

“பிறந்த நாள் படத்துல ஏகப்பட்ட கூட்டம் போலிருக்கே. கல்யாண ஆல்பம் மாதிரி. கல்யாணத்துலயும் இப்படித்தான், கடைசி வரிசையில ஒருத்தன் பல்லைக் காட்டிட்டு நிப்பான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவனப் பொண்ணு வீட்டு ஆள்னு நெனப்பாங்க, பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டு ஆள்னு. அவன் பாட்டுக்கு மூணாவது பந்தியில சாப்பிட்டுட்டுப் போயிடுவான்.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா எழுந்து கைப்பையை எடுத்தாள்.

“வீட்டப் பார்க்கணும். கிளம்புங்க.”

அந்த வீட்டை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். போனிலேயே. ஆனால் நேரில் வேறு மாதிரி இருந்தது. ஹாலில் ஒரு சுவர் மட்டும் ரோஜா நிறத்தில் பளிச்சென்று இருந்தது, முன்னால் வட்ட விளக்கு. மற்ற மூன்று சுவர்களும் வெள்ளையடித்துப் பல வருடம் ஆன மாதிரி அழுது வடிந்தன. கேமரா திரும்பாத பக்கத்துக்கு அந்த வீட்டில் துடைப்பம் கூடப் போவதில்லை.

மகளுடைய அறையில் படுக்கைமேல் அவளுடைய போன் கிடந்தது. சார்ஜ் முழுதாக இருந்தது.

“மறந்து வச்சுட்டுப் போயிட்டா பாவம்,” என்றாள் தேவதையம்மா.

“இந்த வயசுல தலைய மறந்து வச்சுட்டுப் போனாலும் போவாங்க, போன மறக்க மாட்டாங்க,” என்றாள் அக்கா. “காலையில என்ன டிரஸ்ல போனா?”

தேவதையம்மா முழித்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“நான் அப்போ ஒரு வீடியோ எடிட் பண்ணிட்டு இருந்தேன். காதுல ஹெட்போன். ‘போயிட்டு வரேன்’னு சத்தம் மட்டும் லேசா கேட்டுச்சு. ஆனா அவ சாப்பிட்டு வச்ச தட்ட படம் எடுத்துப் போட்டேன்.”

மகள் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் படம் எடுத்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் காலை மிதித்தாள்.

அலமாரியைத் திறந்தோம். உள்ளே வரிசையாக உடைகள். “எல்லா டிரஸ்ஸுக்கும் ஒரு போஸ்ட் இருக்கு மேடம்,” என்று அந்த நேரத்திலும் பெருமையாகச் சொன்னாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வேலை புரிந்துவிட்டது. போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனேன், அக்கா ஹேங்கர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பூப்போட்ட கவுன், இருக்கிறது. வெள்ளை டாப்ஸ், இருக்கிறது. ஸ்கூல் யூனிபார்ம், எல்லா செட்டும் இருக்கிறது. கடைசிப் படம் வரைக்கும் பார்த்தோம். ஒன்று கூடக் குறையவில்லை.

“என்னக்கா இது? எந்த டிரஸ்ஸும் போடாமலா போனா?”

“கீழ வாட்ச்மேன்கிட்ட நான் கேட்டுட்டுத்தான் மேல வந்தேன். காலையில பச்சை கட்டம் போட்ட சட்டையில போனாளாம்.”

“பச்சையா?” என்று தேவதையம்மா முகத்தைச் சுளித்தாள். “எங்க வீட்ல பச்சையே கிடையாது. கேமராவுல அவ முகம் டல்லா தெரியும்னு நான் வாங்கறதே இல்ல.”

அக்கா அலமாரியை மூடினாள். அந்த முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

“கேட்டியா ஃப்ளாஷ்? இந்தப் பொண்ணுகிட்ட ஒரு சட்டை இருக்கு. அது இந்த வீட்ல வாங்கினது இல்ல, எந்தப் படத்துலயும் வந்தது இல்ல. யாரோ வாங்கிக் கொடுத்திருக்காங்க, இவ அத ஒளிச்சு வச்சிருந்திருக்கா. இந்தக் குடும்பத்த விட்டு ஓடணும்னா அந்த யாரோகிட்டதான் போவா.” பிறகு தேவதையம்மாவிடம் திரும்பினாள். “உங்க சொந்தத்துல ஃபோட்டோவே எடுக்கக் கூடாதுன்னு சொல்ற ஆள் யாரும்மா?”

“அப்படி யாரும் இல்லையே...”

“மச்சினி,” என்றார் கணவர். அவர் அன்று பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தேவதையம்மா உதட்டைப் பிதுக்கினாள். “என் தங்கச்சி. எங்களோட பேச்சுவார்த்தையே கிடையாது. ஒன்றரை வருஷம் முன்னாடி ஆபரேஷன் ஆகி, தலைமுடியெல்லாம் எடுத்துப் படுத்திருந்தா. எல்லாரும் வேண்டிக்கட்டுமேன்னு ஒரு படம் போட்டேன். அவ்வளவு பேர் ஆறுதல் சொன்னாங்க, தெரியுமா? அதுக்குப் போய் ரகளை பண்ணிட்டா. அந்தச் சின்ன விஷயத்துக்கு உறவையே அறுத்துக்கிட்டா.”

“என்ன வேலை பார்க்கறாங்க?”

“ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறா.”

மாடிப்படி இறங்கும்போது நான் சொன்னேன், “பாருங்கக்கா, குடும்பத்துல ஒழுங்கா படம் எடுக்கறவங்க அந்தத் தங்கச்சி ஒருத்தங்கதான். எலும்பு வரைக்கும் எடுக்கறாங்க, ஆனா ஊருக்குக் காட்டறதில்ல.”

“முதல் தடவையா ஒரு நல்ல ஜோக் சொல்லியிருக்கே. வண்டிய எடு.”

நாங்கள் எங்கே போகிறோம் என்று தேவதையம்மாவிடம் சொல்லவில்லை. ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

எக்ஸ்ரே பிரிவு ஆஸ்பத்திரியின் பின்புறம் இருந்தது. கனமான கதவு, மேலே சிவப்பு விளக்கு, ஆணியில் தொங்கும் கனத்த ஈயக் கவசங்கள். சித்திக்காரி எங்களைப் பார்த்ததும் முதலில் எங்கள் கைகளைத்தான் பார்த்தாள். நான் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வெறும் கையைக் காட்டினேன்.

“போலீஸா?”

“இல்லம்மா. உங்க அக்கா எங்ககிட்ட வந்தாங்க. ஆனா நாங்க இங்க வந்தது அவங்களுக்குத் தெரியாது.”

சித்தி அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழிவிட்டாள். “டியூட்டி முடிஞ்சதும் நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் இருந்தேன். தனியா வீட்ல விட பயமா இருந்துச்சு.”

பின்னால் ஊழியர்கள் சாப்பிடும் சின்ன அறை. ஜன்னல் கிடையாது. பச்சை கட்டம் போட்ட சட்டையில் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள், ஒன்றையும் தின்னவில்லை. லட்சம் பேர் பார்த்த முகம். படத்தில் பெரும்பாலும் சிரித்துக்கொண்டிருக்கும். இங்கே பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை.

“உன்னத் திரும்பக் கூட்டிட்டுப் போக நான் வரலம்மா,” என்று அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். “எதுக்காக ஓடி வந்தேன்னு மட்டும் சொல்லு.”

“ஒரு அங்கிள்,” என்றாள் அவள், பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே. “பஸ் ஸ்டாப்ல வந்து நிப்பாரு. எனக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாது, எல்லாம் தெரியுது. நாய்க்குட்டி வாங்கி வச்சிருக்கேன், வந்து பாருன்னாரு. நேத்து கார் கதவத் தொறந்துட்டு, ‘அம்மாதான் அனுப்பினாங்க, ஏறு’ன்னு கையப் பிடிச்சாரு. உதறிட்டு ஓடிட்டேன்.”

“அம்மாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ‘அவரு அப்பாவோட ஆபீஸ் ஃப்ரெண்டுடி. உன் பர்த்டேக்குக் கூட வந்தாரே, மரியாதையா பேசு’ன்னாங்க. அப்புறம் ‘பெரியவங்களக் கண்டா பயப்படுற என் தேவதை’ன்னு அதையும் போட்டுட்டாங்க.”

“அப்பாகிட்ட?”

“அப்பாவோட ஃப்ரெண்டப் பத்தி அப்பாகிட்டயே எப்படி ஆன்ட்டி சொல்றது?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் நகைச்சுவை எதுவும் வாயில் வரவில்லை. போனை எடுத்துப் பிறந்த நாள் படங்களைத் தேடினேன். முன்னால் கேக், நடுவில் தேவதையம்மா. அந்தப் பெண் ஓரமாக, பாதி வெட்டுப்பட்டு நிற்கிறாள். பின்னால், இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் ஒரு நடுவயது ஆள். ஒரு படத்தில் பலூன் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொன்றில் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தான். மற்றொன்றில் கேக் கத்தியைத் துடைத்துக் கொடுத்தான். வீட்டு மனுஷனைப் போலவே இருந்தான்.

“இவரா?”

அவள் படத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள். பதில் அதுதான்.

அக்கா வெளியே வந்து முதலில் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். எங்கள் பேட்டை இன்ஸ்பெக்டரும் ஒரு பெண்மணிதான், அக்காவை அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெண் பத்திரமாக இருக்கும் இடத்தைச் சொன்னாள். என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

அடுத்த போன் தேவதையம்மாவுக்கு. “உங்க பொண்ணு இருக்கற இடம் தெரிஞ்சுபோச்சு. பொது நூலகம், முதல் மாடி, குழந்தைங்க பிரிவு. ரொம்ப பயந்து போயிருக்கா. நீங்களும் உங்க வீட்டுக்காரரும் மட்டும் வாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. முக்கியமா படம் எதுவும் போடாதீங்க.”

போனை வைத்தாள்.

“இவ்வளவு அழுத்திச் சொல்லிட்டீங்களே அக்கா. இனிமே போடாம இருப்பாங்களா?”

“அதுக்குத்தானே சொன்னேன்.”

நூலகத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில், குள்ள நாற்காலி ஒன்றில் முழங்கால் முகத்தில் இடிக்க, முயல் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் அலமாரி துடைத்தார்கள். நூலகர் அம்மா அவர்கள் துடைக்கும் லட்சணத்தைப் பார்த்து நொந்துபோயிருந்தார். நாங்கள் அட்லஸ் வைத்திருந்த ரேக்குக்குப் பின்னால் நின்றோம்.

தேவதை பக்கத்தில் புதிதாக எது வந்தாலும் தெரிவிக்கும்படி வைத்திருந்த என் போன் கிணுகிணுத்தது. தேவதையம்மா நூலகத்துப் படிக்கட்டில் நின்று தன்னையே எடுத்த படம். கண்ணில் நீர், ஒரு பக்கமாகச் சாய்த்த தலை. ‘என் உயிர் எனக்குத் திரும்பக் கிடைக்கப் போகிறது. இடத்தைச் சொல்ல முடியாது. பிரார்த்தியுங்கள்.’ அவள் தலைக்கு மேலே நூலகத்தின் பெயர்ப் பலகை, எழுத்துக்கு எழுத்து தெளிவாக இருந்தது.

“சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்க அக்கா. இடத்தச் சொல்லல, காட்டிட்டாங்க.”

கணவனும் மனைவியும் மேலே வந்தார்கள். “எங்க என் தேவதை?” என்று அவள் நாலாபுறமும் பார்த்தாள். போன் கையில் தயாராக உயர்ந்திருந்தது, கட்டிப்பிடிக்கும் காட்சிக்கு. அக்கா அவர்களை இழுத்து ரேக்குக்குப் பின்னால் நிறுத்தினாள். “கொஞ்சம் பொறுங்க. சத்தம் வேண்டாம்.”

அதிக நேரம் ஆகவில்லை. படியில் அவசரமான காலடிச் சத்தம். நீலச் சட்டை. கையில் ஒரு பொம்மை நாய்க்குட்டி. முகத்தில் அதே உதவிகரமான சிரிப்பு. நேராக நூலகரிடம் போனான்.

“இங்க ஒரு சின்னப் பொண்ணு வந்திருக்கா இல்லீங்களா? நான் அவளோட மாமா. அவங்கம்மாவால வர முடியல, என்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

வர முடியாத அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“ஏங்க, உங்க ஆபீஸ் ஃப்ரெண்டு வந்திருக்காரு பாருங்க. எவ்வளவு அக்கறை!”

கணவர் எட்டிப் பார்த்தார். புருவம் நெரிந்தது.

“என் ஆபீஸா? எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ஆளே கிடையாது. உன் பேஜுக்கு உதவி பண்ற ஆளுன்னுல்ல நான் நெனச்சுட்டு இருந்தேன்!”

“என் ஆளா? எனக்கு இவரு பேரு கூடத் தெரியாதே...”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போகிறவனைத்தான் இவர்கள் வீட்டுக்குள் விட்டு, கேக் கத்தியைக் கையில் கொடுத்து, மகளை அவனிடம் மரியாதையாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விருந்து எங்கே, எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் போட்டாயிற்று. அவன் வந்தான், பலூனைப் பிடித்தான், அவ்வளவுதான். நீ யாரப்பா என்று கேட்க அந்த வீட்டில் ஒருத்தருக்கும் நேரமில்லை.

இன்ஸ்பெக்டர் முயல் கதையை மூடி வைத்துவிட்டு எழுந்தார். அலமாரி துடைத்த இருவரும் வாசலை மறித்தார்கள். அவன் ஓட முயலவில்லை, சிரிப்பை மட்டும் நிறுத்தினான். சட்டைப்பையைக் காலி செய்தபோது மேஜைமேல் ஒரு சாவி விழுந்தது.

“ஐயோ, இது எங்க வீட்டுச் சாவி மாதிரியே இருக்கே!” என்றாள் தேவதையம்மா.

“மாதிரி இல்ல, அதேதான்,” என்றாள் அக்கா. “புது வீட்டுக்கு வந்த அன்னைக்கு சாவிய முகத்துக்கு நேரா பிடிச்சு ஒரு படம் போட்டீங்களே. பல்லு பல்லா தெரியுது. சாவி வெட்டறவனுக்கு அதுக்கு மேல என்ன வேணும்?”

தேவதையம்மா முகத்தில் முதல் தடவையாக உண்மையான பயம் வந்தது. அதற்கு வெளிச்சம் தேவைப்படவில்லை.

“ஆனா இங்க வந்தத நான் யாருக்கும் சொல்லலையே மேடம்! இடத்தோட பேர எழுதவே இல்லையே!”

“உங்க தலைக்கு மேல போர்டு இருக்கும்மா. நீங்க உங்களத் தவிர படத்துல வேற எதையும் பார்க்கறதில்ல. அவன் மத்ததெல்லாம் பார்த்தான்.”

அவனைக் கீழே கூட்டிக்கொண்டு போனார்கள். பொம்மை நாய்க்குட்டியை ஒரு போலீஸ்காரர் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்.

“என் பொண்ணு எங்க?” என்றாள் தேவதையம்மா, குரல் இறங்கி.

“பத்திரமா இருக்கா. போனை இங்க நூலகர் மேஜையில வச்சுட்டு வந்தா கூட்டிட்டுப் போறேன். பக்கத்தையும் அழிச்சுட்டு வரணும். இப்பவே.”

“எல்லாத்தையுமா? பதினாலு வருஷம் மேடம்...” போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், “கிடைச்சுட்டான்னு ஒரே ஒரு போஸ்ட் போட்டுட்டு அழிச்சுடறேனே? எல்லாரும் வேண்டிட்டு இருக்காங்க.”

அக்கா கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. அவளைத் தாண்டிக் கணவரிடம் திரும்பினாள்.

“சார், நீங்களும் யோக்கியர் இல்ல. உங்க பொண்ணு தூங்கின படத்துக்கு லைக், அழுத படத்துக்கு லைக், மச்சினி மொட்டைத் தலையோட படுத்திருந்த படத்துக்கும் லைக் போட்டிருக்கீங்க. ஒண்ணு விடாம பார்த்தேன்.”

அவர் தலையாட்டவில்லை. போனை எடுத்தார், நூலகர் மேஜைமேல் வைத்தார், படியை நோக்கி நடந்தார். மனைவி பின்னாலேயே வருவாள் என்று பாதி வழியில் நின்று பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்று எதையோ டைப் செய்துகொண்டிருந்தாள்.

எக்ஸ்ரே பிரிவின் கனமான கதவை சித்தி திறந்தபோது அந்தப் பெண் உள் அறை வாசலில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். முகத்தை அல்ல, கைகளை. அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது. அவள் ஓடி வந்து அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் காட்சியை யாரும் படம் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “அம்மா எங்க அங்கிள்?”

என் பையில் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்க்காமலே எனக்கு விஷயம் தெரியும்.

“கொஞ்சம் வேலையா இருக்காங்கம்மா,” என்றேன்.

“என்ன எழுதியிருக்காங்க?” என்று கேட்டாள் அவள்.